ஜப்பானியர் பையில் ஒரு கைக்குட்டை



காகித டிஷ்யூ வந்த பிறகு பல நாடுகளில் துணிக் கைக்குட்டையின் புழக்கம் குறைந்துவிட்டது. ஜப்பானில் அப்படி இல்லை. அங்கே பல பொதுக் கழிப்பறைகளில் கை துடைக்கக் காகிதம் வைத்திருக்க மாட்டார்கள். கையைக் கழுவியதும், அவரவர் பையில் இருக்கும் கைக்குட்டையைத்தான் எடுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் சின்ன வயதிலேயே இந்தப் பழக்கம் வந்துவிடுகிறது. பரிசாகக் கைக்குட்டை கொடுப்பதும் உண்டு.

ஆனால் ஒன்று, அந்தத் துணியில் மூக்குச் சிந்தினால் அங்கே முகம் சுளிப்பார்கள். அதற்குக் காகித டிஷ்யூதான்!

'தெனுகுய்' என்ற பழைய பருத்தித் துணியும் இன்றுவரை புழங்குகிறது. அகலம் சுமார் 35 சென்டிமீட்டர், நீளம் சுமார் 90. இதன் இரு முனைகளையும் மடித்துத் தைப்பதில்லை. மடிப்பு இல்லாததால் ஈரமும் அழுக்கும் தங்குவதில்லை. துணி சீக்கிரம் உலர்ந்துவிடும்.

நாமும் இப்படிச் செய்யலாமே! கை துடைக்கவும் வியர்வை ஒற்றவும் துணிக் கைக்குட்டை. சளி பிடித்தால், ஒருமுறை துடைத்து எறியும் காகிதம். கைக்குட்டையை மட்டும் தினமும் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.