ஈஸ்டர் முடிந்ததும்…

அமெரிக்காவில் ஈஸ்டர் வந்தால் குழந்தைகளுக்கு முயல்குட்டி வாங்கிக் கொடுக்கிற பழக்கம் உண்டு. பஞ்சு உருண்டைபோல வீட்டுக்குள் வருகிற குட்டி, சில மாதங்களில் வளர்ந்து நாற்காலிக் காலையும் மின்கம்பியையும் கடிக்கும். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கொறித்தாக வேண்டும். அப்புறம் என்ன, பூங்காவில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். புல்தான் இருக்கிறதே, பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு நினைப்பு! ஆனால் பிழைப்பது அரிது. வீட்டில் வளர்ந்த முயலுக்கு நாய்க்கும் பருந்துக்கும் தப்பத் தெரியாது. வெள்ளை முயல் என்றால், அந்த நிறமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படிக் கைவிடப்பட்ட முயல்களுக்காக 1988-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது 'ஹவுஸ் ராபிட் சொசைட்டி'. மீட்ட முயலுக்கு முதலில் கருத்தடை அறுவைச்சிகிச்சை. காரணம் இருக்கிறது: முயலின் சினைக்காலம் ஏறக்குறைய ஒரே மாதம், குட்டி போட்ட அன்றே மறுபடி சினைப்படவும் கூடும். பிறகுதான் புது வீடு. வீட்டுக்குள் வைத்து வளர்ப்பீர்களா, உலர்புல் எந்நேரமும் கிடைக்குமா என்று கேட்டுத்தான் தருவார்கள். ஆமாம், முயலுக்குப் பிரதான உணவு உலர்புல்தான். கேரட் எல்லாம் கார்ட்டூன் சொல்லிக்கொடுத்த பாடம். முயலுக்கு அது இனிப்புப் பலகாரம் மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு.

2019 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. செல்லப்பிராணிக் கடைகள் இனப்பெருக்கப் பண்ணை முயல்களை விற்கக்கூடாது. காப்பகங்களிலிருந்தோ மீட்பு அமைப்புகளிலிருந்தோ வந்தவற்றைத்தான் 2020 முடியும்வரை விற்க முடிந்தது. நாய்க்கும் பூனைக்கும் அதே விதிதான் இருந்தது.