உறைபனியும் உருளும் வீடும்



குளிர் நாடுகளில் வாழ்வோர்க்கு, நம்மில் பெரும்பாலோர் அறியாத ஒரு கவலை உண்டு. நமக்குத் தண்ணீர் வற்றிப்போகுமே என்பது கவலை. அவர்களுக்கோ தண்ணீர் உறைந்துபோகுமே என்பது கவலை. உறைந்த நீர் பயன்படாமற் போகிறது என்பது மட்டுமன்று. தன்னைத் தாங்கி நின்ற குழாயையும் கலத்தையும் அது பிளந்தும் விடுகிறது. சக்கரங்களின்மேல் ஓடும் வீடுகளில் இக்கவலை இன்னும் பெரிது. அவ்வீடுகளின் நீரமைப்பைப் பனிக்காலத்தில் காப்பது எவ்வாறு என்பதையே இன்று மாணவர்களாகிய உங்களுக்கு எடுத்துக் கூற விழைகின்றேன். வகுப்பறையில் கற்கும் பௌதிகப் பாடம் ஒரு குடும்பத்தின் உடைமையையும், சில வேளைகளில் உயிரையுமே காப்பதை இதில் நீங்கள் காணலாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் 'மோட்டார்ஹோம்' எனப்படும் ஊர்திகள் மிகுதி. நாம் அதனை வீட்டு ஊர்தி என்று கூறலாம். படுக்கை, சமையலிடம், குளிப்பறை, கழிப்பறை ஆகிய அனைத்தும் அதனுள்ளே அமைந்திருக்கும். விடுமுறைப் பயணத்துக்காக அதை வைத்திருப்போர் பலர். பணியினின்று ஓய்வு பெற்றபின், இருந்த வீட்டை விற்று, இந்த ஊர்தியையே வீடாகக் கொண்டவர்களும் உண்டு. கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை சுழிக்குக் கீழே ஏறத்தாழ 16 டிகிரி செல்சியஸ். அக்குளிருக்கு அஞ்சிப் புளோரிடாவுக்கோ அரிசோனாவுக்கோ ஊர்தியை ஓட்டிச் செல்வோர் சிலர். ஏனையோர் ஊர்தியை முற்றத்தில் நிறுத்திவிட்டு வசந்தத்தை எதிர்நோக்கி இருப்பர். அவ்வாறு நிறுத்தும்போது அதனுள் இருக்கும் தண்ணீரை என் செய்வது என்பதே கேள்வி.

முதலில் அந்த நீரமைப்பைச் சற்றுப் பார்ப்போம். ஊர்தியில் நன்னீர்த் தொட்டி ஒன்று உண்டு. சிறிய மின்விசைப் பம்பு அந்நீரை இழுத்து, விரற்பருமனுள்ள குழாய்களின் வழியே அனுப்புகிறது. ஒரு கிளை வெந்நீர்க் கலத்துக்குச் செல்கிறது. அது வழக்கமாக 23 லிட்டரோ 38 லிட்டரோ கொள்ளும். மற்றொரு கிளை நேரே திருகுகுழாய்களுக்கும் கழிப்பறைக்கும் செல்கிறது. பயன்பட்ட நீர், கழுவுநீர்த் தொட்டி, மலநீர்த் தொட்டி என்னும் இரண்டு தொட்டிகளில் சேர்கிறது. தொட்டியின் தீநாற்றம் மேலேறி வாராதபடி, கழுவுதொட்டிக்கும் குளிப்பிடத்துக்கும் கீழே வடிகாற்குழாய் வளைந்து சென்று, அவ்வளைவில் எப்போதும் சிறிது நீரைத் தேக்கி வைத்திருக்கும். மண்மீது கட்டிய வீட்டில் தண்ணீர்க் குழாய்களைப் பனி எட்டாத ஆழத்தில் புதைத்து விடுகிறார்கள். ஊர்தியின் அடியிலோ மண் இல்லை, குளிர்காற்றே உண்டு.

இனி, நீர் உறையும்போது நிகழ்வது யாது? பெரும்பாலான பொருள்கள் திரவ நிலையிலிருந்து திடநிலைக்கு மாறும்போது சுருங்குகின்றன. நீர் இதற்கு விலக்கு. 4 டிகிரி வரையில் அதுவும் சுருங்கிக்கொண்டே வருகிறது. அதன்பின் குளிரக் குளிரச் சிறிது சிறிதாக விரிகிறது. உறையும்போது ஒரேயடியாக 100 பங்குக்கு 9 பங்கு பெருகிவிடுகிறது. திரவ நிலையில் நெருங்கியும் நழுவியும் திரிந்த நீரின் மூலக்கூறுகள், பனிக்கட்டியில் அறுகோண ஒழுங்கில் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. அந்த ஒழுங்கின் நடுவே வெற்றிடம் மிகுதி. ஆகவேதான் பனிக்கட்டி நீரில் மிதக்கிறது. பெருகும் பனிக்கு இடம் இருந்தால் தீங்கில்லை. 'இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்' என்பது நம் பழமொழி. நீரின் செய்தியில் இது தலைகீழ். இடம் கொடாவிட்டால்தான் அது மடத்தைப் பிடுங்கும்!

அதன் வலிமையை அளந்து பார்த்தவர்கள் உண்டு. 1784, 1785 ஆகிய ஆண்டுகளில், கனடாவின் குவிபெக் நகரில், எட்வர்டு வில்லியம்ஸ் என்னும் பீரங்கிப் படை அதிகாரி ஒரு சோதனை செய்தார். உள்ளே பொள்ளலான இரும்புக் குண்டுகளில் நீரை நிரப்பி, வாயை இரும்புக் குச்சியால் இறுக அறைந்து, திறந்தவெளிக் குளிரில் வைத்தார். நீர் உறைந்தபோது இரும்புக் குச்சி பிதுங்கிப் பாய்ந்து 400 அடிக்கும் அப்பால் விழுந்தது. குச்சி அசையாத குண்டுகளோ வெடித்துப் பிளந்தன. முழுதும் அடைபட்ட நீர், சுழிக்குக் கீழே ஒரு டிகிரி குளிர்ந்து உறைய முயலும்போதே வளிமண்டல அழுத்தத்தைப் போல் 100 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தரவல்லது. வீட்டு ஊர்தியின் குழாய்களோ 3 அல்லது 4 மடங்கு அழுத்தத்தில் வேலை செய்பவை. போட்டி எத்தகையது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இதனைப் பலர் கவனிப்பதில்லை. பனிக்கட்டி உண்டான அதே இடத்தில்தான் குழாய் வெடிக்கும் என்று எண்ணிவிடுதல் கூடாது. குளிர் மிகுந்த ஓரிடத்தில் முதலில் பனி கட்டிக் குழாயை ஒரு தக்கைபோல் அடைக்கிறது. அத்தக்கை வளர வளர, அதற்கும் மூடிய திருகுகுழாய்க்கும் இடையே அகப்பட்ட நீர் நெருக்கப்படுகிறது. நீர் எளிதில் அமுங்காத பொருளாதலின் அழுத்தம் விரைந்து ஏறுகிறது. இறுதியில், இன்னும் உறையாத நீர் நிற்கும் இடத்திலேயே, வலுக்குறைந்த இணைப்பொன்று பிளந்து விடுகிறது. இக்காலத்து ஊர்திகளில் சிறிது விரிந்து கொடுக்கும் பாலிஎத்திலீன் குழாய்கள் உள்ளன. ஆயினும் இணைப்புகளும் வால்வுகளும் பம்பின் தலைப்பகுதியும் அவ்வாறு விரிந்து கொடுப்பதில்லை. ஆதலால் பாதுகாப்பு முறைகள் யாவும் ஒரே கருத்தின் வெவ்வேறு வடிவங்களே: நீரை வெளியேற்றுதல், அல்லது நீர் விரிவதற்கு இடம் வைத்தல், அல்லது அதனை உறையவிடாது வெப்பம் ஊட்டுதல்.

ஊர்தியைப் பூட்டி வைப்போர் முதல் வழியை மேற்கொள்கின்றனர். வின்னிபெக்கில் ஓர் அக்டோபர் மாதத்தில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இவ்வேலையைச் செய்தபோது நான் உடனிருந்து பார்த்தேன். அவர் எதையும் விரைந்து செய்யவில்லை. முதலில் வெந்நீர்க் கலத்தின் மின்சாரத்தையும் எரிவாயுவையும் நிறுத்தினார். நீரில்லாத கலத்தில் மின்கம்பி சூடேறினால் கருகிப்போகும். கலத்து நீர் ஆறும்வரை காத்திருந்து, அழுத்தத்தைத் தணித்த பிறகே வடிகால் அடைப்பைக் கழற்றினார். கொதிநீர் பீறிட்டு மேலே பட்டால் தோல் வெந்துவிடுமன்றோ? பின்னர்க் கழிவுத் தொட்டிகளை அதற்குரிய இடத்தில் காலி செய்தார். நன்னீர்த் தொட்டியையும், குழாய்களின் தாழ்ந்த இடங்களில் உள்ள வடிகால்களையும் திறந்துவிட்டார்.

வடித்துவிட்டால் போதாதா என்று கேட்டேன். "வடிவது போகும், தங்குவதுதான் உடைக்கும்," என்றார் அவர். தாழ்ந்த வளைவுகளிலும், பம்பினுள்ளும், குளிப்பறையின் நெகிழ்குழாயிலும் நீர் தங்கிவிடுகிறது. அதனை அகற்ற இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, அழுத்திய காற்றைச் செலுத்தி, திருகுகுழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து நீரை ஊதித் தள்ளுதல். இதில் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டுக்கு மிகாதிருத்தல் நன்று; மிகுந்தால், பனி செய்யவிருந்த கேட்டை நாமே செய்தவர்களாவோம். மற்றொன்று, உறைதடுப்புத் திரவத்தைக் குழாய்களில் நிரப்புதல். வெந்நீர்க் கலத்தை ஒரு மாற்றுவழி வால்வினால் விலக்கிவிட்டால், 8 முதல் 12 லிட்டர் திரவம் போதுமானது. இளஞ்சிவப்பு நிறமுள்ள அத்திரவம் ஒவ்வொரு திருகுகுழாயிலும் வெளிவரும்வரை பம்பை ஓட்டுகின்றனர். வடிகால் வளைவுகளிலும் ஒரு குவளை ஊற்றுகின்றனர். கடுங்குளிரில் இத்திரவமும் கூழ்போல் இறுகும். ஆனால் கல்லாகாது, நெகிழ்ந்து இடங்கொடுக்கும். பழைய நீர் மிகுதியாக எஞ்சியிருந்தால் திரவம் நீர்த்துத் தன் ஆற்றலை இழந்துவிடும். ஆகையால் முன்னதாக நன்கு வடித்தல் இன்றியமையாதது.

இவ்விடத்தில் மாணவர்கள் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. உறைதடுப்புத் திரவங்கள் எல்லாம் ஒன்றல்ல. மோட்டார் எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்பில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் உள்ளது, அது நஞ்சு. குடிநீர் செல்லும் குழாய்களில் அதனை ஒருபோதும் ஊற்றலாகாது. குடிநீர் அமைப்புக்கென விற்கப்படும் திரவத்தில் உள்ளது புரொப்பிலீன் கிளைக்கால். அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. பெயரில் ஒற்றுமை இருப்பதால் குணத்திலும் ஒற்றுமை இருக்கும் என்று கொள்வது எத்துணை ஆபத்தானது என்பதற்குச் சரித்திரம் சான்று கூறும். 1937ஆம் ஆண்டில், அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இவற்றுக்கு உறவான டை எத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்கப்பட்ட மருந்தை உட்கொண்டு 100க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். அதன் விளைவாகவே, 1938இல் அந்நாட்டு மருந்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. புட்டியின் மேலுள்ள சீட்டைப் படித்தல் சிறு செயல். ஆயினும் அதனைச் செய்யாமல் விடுதல் சிறு பிழையன்று.

குளிர்காலத்திலும் ஊர்திக்குள்ளேயே வாழ்வோர் நீரை வடித்துவிட இயலாது. அவர்கள் வெப்பத்தையே நம்ப வேண்டும். தொட்டிகளுக்கு அடியில் மின்சூட்டு அட்டைகளைப் பொருத்துகின்றனர். வெளிக்குழாயின்மீது மின்சூட்டு நாடாவைச் சுற்றுகின்றனர். ஊர்தியின் அடிப்புறத்தைச் சுற்றித் திரை கட்டிக் காற்றைத் தடுக்கின்றனர். கழுவுதொட்டியின் கீழுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து, அறையின் சூடு குழாய்களை எட்டச் செய்கின்றனர். கம்பளிப் போர்வை போன்ற காப்புறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. உள்ளே சூடு இல்லையெனில், காப்புறை அணிந்த குழாயும் காலம் தாழ்ந்து உறையத்தான் செய்யும். கடுங்குளிர் இரவில் திருகுகுழாயைச் சிறிது சொட்டவிடுவதும் ஒரு முறை. அந்தச் சொட்டு, எங்கேனும் பனித்தக்கை உண்டானாலும், அடைபடும் நீர் நெருக்குண்டு போகாதபடி ஒரு வாயிலைத் திறந்து வைக்கிறது. ஆனால் கழுவுநீர்த் தொட்டியின் வெளிவால்வைத் திறந்தே வைத்தல் தவறு. மெல்லென ஒழுகும் நீர் வெளிக்குழாயில் படலம் படலமாக உறைந்து, இறுதியில் முழுதும் அடைத்துவிடும்.

வெப்பம் வேண்டும் என்பதற்காகச் சமையலடுப்பை எரியவிட்டு உறங்குவது மிகப் பெரிய தவறு. மூடிய சிற்றறையில் நெருப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொன்றுவிடும். குழாயைக் காக்கப் புகுந்து உயிரை இழப்பதோ? புகைபோக்கி உடைய முறையான வெப்பமூட்டியும், அவ்வாயுவைக் கண்டு ஒலி எழுப்பும் கருவியும் அங்கே கட்டாயம் இருத்தல் வேண்டும்.

பனிச்சேதத்தின் கொடுமை என்னவெனில், அது உடனே தெரிவதில்லை. உடைந்த குழாயின் உள்ளே பனிக்கட்டியே அடைப்பாக நின்று ஒழுக்கை மறைக்கிறது. வசந்தம் வந்து பனி உருகிப் பம்பை ஓட்டும்போதுதான் சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் நீர் பாய்கிறது, மரப்பலகை ஊறுகிறது, பூஞ்சை பிடிக்கிறது. ஆதலால், வசந்தத்தில் முதன்முறை நீர் விடும்போது உரிமையாளர் அருகில் இருந்து ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பார்க்கிறார். ஒரு முறை நிறுத்திய பம்பு, திருகுகுழாய் எதுவும் திறக்கப்படாத நிலையில் தானே மீண்டும் ஓடத் தொடங்கினால், எங்கோ ஒழுக்கு உண்டு என்பது பொருள்.

இஃது ஊர்திகளுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில், கடுங்குளிருக்குப் பழகாத டெக்ஸஸ் மாநிலத்தில் பனிப்புயல் வீசியது. மின்சாரம் நின்று வீடுகள் குளிர்ந்தன. எண்ணற்ற வீடுகளில் குழாய்கள் வெடித்தன. குடிநீரைக் காய்ச்சியே பருக வேண்டும் என்று இலட்சக்கணக்கானோர் எச்சரிக்கப்பட்டனர். குளிர் மிகுந்த கனடாவில் ஆண்டுதோறும் வாழ்ந்து வருவோர் தப்புகின்றனர். ஒரே ஒரு முறை குளிரைக் கண்டவர்கள் இழப்புக்கு ஆளாகின்றனர். இரண்டு இடங்களிலும் நீரின் இயல்பு ஒன்றுதான். மக்கள் முன்னதாகச் செய்த ஆயத்தமே வேறு.

உறையும் நீரைத் தடுக்க இரும்புக் குண்டினாலும் இயலவில்லை. நாலு லிட்டர் திரவமும் ஒரு பிற்பகல் உழைப்பும் அதற்கு மும்மடங்கு இட்டால் போதும், மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒரு பனிக்காலத்தைக் கடந்து விடுகிறது. இயற்கையோடு வலிமையில் போட்டியிடாது, அதன் விதியை அறிந்து அதற்கு இடம் வைத்து நடப்பவன் அதனால் கெடுவதில்லை. அக்டோபர் மாதத்தில் தரையில் மண்டியிட்டு, ஒரு சிறிய வடிகால் அடைப்பைக் கழற்றும் அந்த மனிதருக்கு இது நன்கு தெரியும்.