பக்கத்து நிலத்தில் கட்டடம்: ஆட்சேபம் தெரிவிக்க வேண்டியது எப்போது?

சந்தேகங்களும் விளக்கங்களும்

ஜொகூரில் குடியிருப்புகளை ஒட்டிய காலி நிலங்களில் அடுக்குமாடி எழும்பத் தொடங்கிய பிறகுதான், “எங்களிடம் யாரும் கேட்கவில்லையே” என்ற குரல் வருகிறது. கேட்க வேண்டிய கடமையை 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172) விதித்திருக்கிறது. ஆனால், அது நடக்கும் கட்டம் பலருக்கும் தெரியாமலே கடந்துவிடுகிறது.

உள்ளூர் திட்டம் என்றால் என்ன? யார் தயாரிக்கிறார்கள்?

மலாயில் ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’ எனப்படும் இது, எந்த நிலத்தில் வீடு, எந்த நிலத்தில் தொழிற்சாலை, எது பசுமைப் பகுதி என்பதை வரைபடத்தோடு வரையறுக்கும் ஆவணம். ஜொகூர் பாரு, இஸ்கண்டார் புத்ரி, பாசிர் கூடாங் போன்ற ஊராட்சி மன்றங்கள் தத்தம் எல்லைக்கு இதைத் தயாரிக்கின்றன. மந்திரி பெசார் தலைமையிலான மாநிலத் திட்டமிடல் குழு இதற்கு ஒப்புதல் அளிக்கும்.

பொதுமக்களிடம் எத்தனை முறை கருத்துக் கேட்கப்படும்?

இரண்டு முறை. வரைவு எழுதப்படும் முன்பே, திட்டத்தின் நோக்கத்தையும் அதில் இடம்பெறவுள்ள விஷயங்களையும் ஊராட்சி மன்றம் விளம்பரப்படுத்தி, யோசனை சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் (பிரிவு 12ஏ). வரைவு தயாரானதும் அதைப் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது 4 வாரம் தர வேண்டும் (பிரிவு 13). முதல் கட்டத்துக்கு வருவோர் குறைவு. எதையும் எளிதில் மாற்றக்கூடிய கட்டமும் அதுவே.

வாடகைக்குக் குடியிருப்பவரும் ஆட்சேபிக்கலாமா?

உள்ளூர் திட்ட வரைவுக்கு யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நில உரிமை தேவையில்லை. கோயில் நிர்வாகம், பெற்றோர் சங்கம், குடியிருப்போர் சங்கம் ஆகியவையும் எழுதலாம்.

எழுதிக் கொடுத்தால் போதுமா? நேரில் பேச முடியுமா?

ஆட்சேபங்களைப் பரிசீலிக்க விசாரணை நடத்தப்படும். நேரில் விளக்க விரும்புவோர், அந்த விருப்பத்தை ஆட்சேபக் கடிதத்திலேயே குறிப்பிடுவது அவசியம். பொதுவான அதிருப்தியைவிட, வரைபடத்தில் உள்ள இடத்தைச் சுட்டி, வெள்ளம், நெரிசல், பள்ளிக்குச் செல்லும் வழி என்று காரணத்தை எழுதுவதே பயன் தரும்.

பக்கத்து நிலத்தில் கட்டுமானம் வருகிறது. நில உரிமையாளருக்கு ஏன் கடிதம் வரவில்லை?

மக்களை அதிகம் குழப்புவது இதுதான். அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்து வடிவில் அறிவித்து, 21 நாளுக்குள் ஆட்சேபிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்ற கடமை, உள்ளூர் திட்டம் நடப்பில் இல்லாத இடங்களுக்கே உரியது (பிரிவு 21). திட்டம் அரசிதழில் வந்துவிட்ட பகுதியில் அந்தக் கடமை எழுவதில்லை. மக்களின் கருத்து வரைவுக் கட்டத்திலேயே கேட்கப்பட்டுவிட்டதாகச் சட்டம் கொள்கிறது. அதேவேளை, திட்டத்துக்கு முரணான கட்டுமானத்துக்கு ஊராட்சி மன்றம் அனுமதி தர முடியாது (பிரிவு 22). ஆகவே அந்த 4 வாரத்தைத் தவறவிடுவது சிறிய இழப்பு அல்ல.

‘அண்டை நிலம்’ எதுவரை?

ஒட்டியுள்ள நிலம், 20 மீட்டருக்கு மேற்படாத சாலை, சந்து அல்லது கால்வாய் இடையில் பிரிக்கும் நிலம், ஒரே முட்டுச்சாலையைப் பயன்படுத்துவோர் என்றால் 200 மீட்டருக்குள் உள்ள நிலம். இந்தக் கட்டத்தில் ஆட்சேபிக்கும் உரிமை நில உரிமையாளருக்கு மட்டுமே, வாடகைதாரருக்கு இல்லை.

ஆட்சேபத்தை ஏற்காமல் அனுமதி வழங்கப்பட்டால்?

ஏற்கெனவே ஆட்சேபம் பதிவு செய்த அண்டை நில உரிமையாளர், முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்தை நாடலாம் (பிரிவு 23). 21 நாளில் எழுதாமல் விட்டவருக்கு இந்த வழி இல்லை.

கடலை நிரப்பும் திட்டங்களுக்கு வேறு விதியா?

சுற்றுச்சூழல் தர சட்டம் 1974இன் கீழ், கடலோர நிரப்புப் பணிக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவை. தஞ்சோங் கூப்பாங் கடலோரத்தில் ஃபாரஸ்ட் சிட்டி திட்டத்தின் நிரப்புப் பணி, விரிவான மதிப்பீட்டுக்கு முன்பே தொடங்கி, 2014இல் நிறுத்தப்பட்டது. சுமார் 2,000 ஹெக்டர் என்ற உத்தேசப் பரப்பு 1,386 ஹெக்டராகக் குறைக்கப்பட்டு, 2015 ஜனவரியில் நிபந்தனைகளுடன் ஒப்புதல் கிடைத்தது. கடற்புல் படுகைகளை நம்பி வாழ்ந்த மீனவர்களிடம் மண் கொட்டுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

ஊராட்சி மன்றத் தேர்தல் இல்லாதபோது, மன்றக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் செல்லலாமா?

ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஆயினும், ஊராட்சி சட்டம் 1976இன்படி (சட்டம் 171), மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தால் தவிர, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை. தமது பகுதியில் உள்ளூர் திட்டம் நடப்பில் உள்ளதா, அது மறுபரிசீலனையில் உள்ளதா என்பதை மன்றத்தின் திட்டமிடல் பிரிவில் கேட்டு அறியலாம்.