தேசிக்காய் போட்டுத் தேய்க்காதீர்கள்

ஈஸ்ற்ஹாமில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வெண்கல வேட்டைநாய் ஒன்று இருந்தது. அயலில் இருந்த ஆங்கிலேய மூதாட்டி வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போனது. மெலிந்த உடல், கரும்பழுப்பு நிறம். பொங்கலுக்கு முதல்நாள் அந்த வீட்டு அம்மா, குத்துவிளக்கோடு அதையும் சேர்த்துப் புளியும் தேசிக்காயும் போட்டு மினுக்கிவிட்டார். பீடத்தில் ‘பி. ஜே. மென்’ என்று பொறித்திருந்ததை மகள் பிறகுதான் கண்டாள்.

பியேர் ஜூல் மென் (1810–1879) பாரிஸ் சிற்பி. அன்ருவான் லூயி பாரி (1795–1875) போன்றோருடன் சேர்த்துப் பேசப்படுபவர். விலங்குகளையே, அதிலும் நாய்களையும் குதிரைகளையும், சிறிய வெண்கலங்களாகச் செய்தவர். அந்தக் கறுப்பு அழுக்கல்ல. வார்த்த வெண்கலத்தைச் சூடாக்கி, இரசாயனம் பூசி, பட்டறையே உண்டாக்கிய நிறம். வாங்குபவர் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார். மறுபடி நிறமேற்றலாம், ஆனால் பழையது திரும்பாது.

சரி, பெயர் இருந்தால் அசலா? இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். சுவாமிமலையில் மெழுகு உருகிப் போய்விடும். ஓர் உருவுக்கு ஒரு சிலைதான். பிரெஞ்சுப் பட்டறைகளிலோ பெரும்பாலும் மணல் அச்சு. மூல உரு அப்படியே இருக்கும், திரும்பத் திரும்ப வார்க்கலாம். மென் இறந்த பின்னும் மருமகன் ஒகுஸ்ற் கேன் வார்ப்பித்தார். பிறகு வந்தவர்கள் பழைய சிலையிலிருந்தே அச்செடுத்தார்கள். கையெழுத்தும் கூடவே வந்துவிடும்!

அப்படி எடுத்த நகலை அளவு காட்டிக்கொடுக்கும். வெண்கலம் ஆறும்போது சுருங்குவதால் அசலைவிட ஒன்றிரண்டு வீதம் சிறியதாக இருக்கும். உரோமமும் கண்ணிமையும் மழுங்கியிருக்கும். நல்ல வார்ப்பில் உளி வேலை கூர்மையாகத் தெரியும். சிலையைப் புரட்டி, தேய்ந்த விளிம்பைப் பாருங்கள். பொன்மஞ்சள் என்றால் வெண்கலமாகவோ பித்தளையாகவோ இருக்கலாம். வெள்ளி போல வெளுத்திருந்தால் பெரும்பாலும் துத்தநாகம், விலை மிகக் குறைவு. காந்தத்தை நம்ப வேண்டாம். இரும்பு வார்ப்பை மட்டுமே அது காட்டும், துத்தநாகத்தில் ஒட்டாது.

போர்ட்டபெல்லோ வீதியில் சனிக்கிழமை வாங்கப் போகிறவர்களுக்கும் இதுவே. வீட்டில் ஏற்கெனவே இருந்தால், உலர்ந்த மென்துணியால் தூசி தட்டுவதோடு விடுங்கள். பல ஏல நிறுவனங்கள் படம் அனுப்பினால் காசு வாங்காமல் மதிப்புச் சொல்கின்றன. அடிப்பக்கத்தையும் கையெழுத்தையும் தனித்தனியே படமெடுத்து, அளவையும் எழுதி அனுப்புங்கள்.