சொட்டுவது ஓரிடம், கசிவது வேறிடம்

சாந்தோம் பேராலய வளாகத்திலோ, மயிலை லஸ் கோவில் வாசலிலோ ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்தபின் தரையைச் சற்று நோக்கினால், உள்ளங்கை அகலத்தில் கருத்த கறைகள் சில தென்படும். அங்கே பழைய புல்லட் ஒன்று நின்றிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. "புல்லட் என்றால் ஆயில் சொட்டத்தான் செய்யும், சொட்டவில்லையென்றால் உள்ளே ஆயில் இல்லை என்று பொருள்" என்று வேடிக்கையாகக் கூறுவோரும் உண்டு.

கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிடலாகாது. கசியும் ஆயில் காற்றினால் பின்னோக்கித் தள்ளப்பட்டுப் பின்சக்கரத்தின் டயரில் படியக்கூடும். பருவமழையின் முதல் தூறலில் நனைந்த உஸ்மான் சாலையில், பின்னிருக்கையில் மனைவியும் முன்னே குழந்தையுமாகச் செல்லும் ஒருவர் திடீரென்று பிரேக்கை மிதிக்கும்போது அந்தச் சிறு படலம் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மேலும், சொட்டுச் சொட்டாக ஆயில் குறைந்துபோனால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகி எஞ்சினே பாழாகும்.

நம் நகரத்து வண்டி

புல்லட்டுக்கும் சென்னைக்கும் உள்ள உறவு பழையது. 1950-களின் தொடக்கத்தில் இந்திய இராணுவம் தன் பயன்பாட்டுக்கென இங்கிலாந்திலிருந்து 350 சி.சி. புல்லட்டுகளை வரவழைத்தது. 1955-ஆம் ஆண்டில் அவ்வண்டியைச் செய்த ரெட்டிச் நகர நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தோற்றுவித்தன. தொடக்கத்தில் உறுப்புகள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பின்னர் அவை திருவொற்றியூர் ஆலையிலேயே உருவாயின. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மறைந்த பின்னும் சென்னையில் அதே வண்டி தொடர்ந்து பிறந்தது. 2008 முதல் 2010 வரையான ஆண்டுகளில் புதிய வகை எஞ்சின் வந்து அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு விடை கொடுத்தது.

ஆகவே இன்று மயிலையிலும் அடையாறிலும் ஓடும் பழைய புல்லட்டுகளில் பல, தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தவை. அத்தகைய வண்டியில் கசிவு கண்டவுடன் சில பட்டறைகளில், "எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டும்" என்று முடிவு கூறிவிடுவர். செலவைக் கண்டு அஞ்சும் குடும்பத்தார், தந்தையின் நினைவாக இருந்த வண்டியைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. பெரும்பாலான கசிவுகளுக்கு அவ்வளவு தூரம் செல்லத் தேவையில்லை. கறை தெரியும் இடத்தில் கைவைக்குமுன் கசிவு தொடங்கும் இடத்தைக் காண வேண்டும். காஸ்கெட்டை மாற்றுமுன் எஞ்சின் ஒழுங்காக மூச்சு விடுகிறதா என்று பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் முறையாகச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கண்டறியும் முறை

ஆயில் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடுகையில் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். எனவே கறை எங்கே தெரிகிறதோ, அதற்கு மேலேயும் முன்னேயும்தான் ஊற்று இருக்கும். அடியில் உள்ள வடிகால் போல்ட்டின் நுனியில் சொட்டு தொங்குவதைக் கண்டு அந்தப் போல்ட்டையே பலமுறை முறுக்குவோர் உள்ளனர். ஆயிலோ மேலே ராக்கர் மூடியிலிருந்து சிலிண்டரின் விலா வழியே இறங்கி வந்திருக்கும்.

எஞ்சின் நன்கு ஆறிய பின், டீசல் நனைத்த தூரிகையால் அதைத் தேய்த்துக் கழுவித் துணியால் துடைத்து உலர விட வேண்டும். அருகில் நெருப்போ, எரியும் சிகரெட்டோ கூடாது. முற்றும் உலர்ந்தபின் ஐயத்துக்குரிய மூட்டுகளின்மேல் முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லிதாகத் தூவுக. பிறகு மயிலைக் குளத்தருகிலிருந்து அடையாறு திரு.வி.க. பாலம்வரை சென்று திரும்பினால் போதும். வெள்ளைப் பவுடரில் முதலில் எங்கே ஈரக்கோடு விழுந்துள்ளதோ அதுவே கசியும் இடம். இரவில் வண்டியின் அடியில் பழைய நாளிதழை விரித்து வைத்தால், நின்ற நிலையில் எப்பகுதி சொட்டுகிறது என்பதும் விளங்கும்.

மூச்சுக் குழாய்

350 சி.சி. புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஏறத்தாழ மூன்றரை நூறு கன சென்டிமீட்டர் காற்றைக் கிராங்க் கேஸுக்குள் அழுத்துகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், நொடிக்கு ஐம்பது முறை இவ்வாறு நிகழும். அக்காற்று வெளியேறுவதற்கென்றே 'பிரீதர்' என்னும் மூச்சுக் குழாய் உண்டு. காற்றை வெளியே விட்டு மீண்டும் உள்ளே புகாமல் தடுக்க, பல வண்டிகளில் அதன் முனையில் வாத்தின் அலகு போன்ற ரப்பர் வால்வு பொருத்தப்பட்டிருக்கும்.

ஆண்டுகள் செல்ல அந்த ரப்பர் காய்ந்து இறுகும். குழாயில் பிசுக்கு அடையும். வெளியேற வழியற்ற காற்று, பலவீனமான மூட்டு எதுவோ அதன் வழியே ஆயிலையும் தள்ளிக்கொண்டு வெளிவரும். அந்நிலையில் ஒரு காஸ்கெட்டைப் புதிதாக மாற்றினால் அடுத்த மூட்டு கசியத் தொடங்கும். பணம் செலவாகுமே தவிரக் குறை தீராது. ஆதலால் முதலில் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து, இறுகிய வால்வை மாற்றுக. இது சிறு செலவே. இவ்வளவும் செய்தபின்னும் குழாய் வழியே புகை பலமாக வீசி, சைலன்சரிலும் நீலப் புகை கண்டால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன என ஐயுறலாம். அப்போதுதான் எஞ்சினைப் பிரிக்கும் பேச்சுக்கு இடமுண்டு.

இரண்டு ஏமாற்றங்கள்

பழைய புல்லட்டில் ஆயில் தொட்டி, எஞ்சினின் அடி வார்ப்போடு இணைந்தே இருக்கிறது. வண்டி பல வாரங்கள் ஓடாமல் நின்றால் தொட்டியிலுள்ள ஆயில் பம்பு வழியே மெல்லக் கசிந்து கிராங்க் கேஸில் தேங்கும். அளவுகோலை எடுத்துப் பார்ப்பவர் ஆயில் குறைந்துவிட்டது என்றெண்ணி மேலும் ஊற்றுவார். எஞ்சின் ஓடியதும் மிகுதியான ஆயில் மூச்சுக் குழாய் வழியே பீறிடும். எனவே நெடுநாள் நின்ற வண்டியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, நிறுத்திய பின்னரே அளவு பார்க்க வேண்டும்.

மற்றொன்று, இடப்பக்கத்து செயின் கேஸ். அதற்குத் தனியே ஆயில் ஊற்றுகிறோம். ஊற்றிய அளவைவிட மிகுதியாக அதில் ஆயில் இருந்தால், கிராங்க் தண்டின் ஆயில் சீல் பழுதாகி எஞ்சின் ஆயில் அங்கே வருகிறது என்று பொருள். அதன் மூடியை நடுவிலுள்ள ஒற்றை நட்டே பிடித்துள்ளது. கசிகிறதே என்று அந்த நட்டை வலிந்து முறுக்கினால் மூடி வளைந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். கசிவு முன்னிலும் அதிகமாகும். சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை மாற்றி அளவாக இறுக்குவதே வழி.

சீர் செய்யும் முறை

முதலில் தளர்ந்த போல்ட்டுகளை, எஞ்சின் ஆறியிருக்கையில், எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குக. அலுமினிய மரைகள் மென்மையானவை. முரட்டுத்தனம் அவற்றை அழித்துவிடும். ராக்கர்களுக்கு ஆயில் செல்லும் சிறு குழாய்களின் மூட்டில் செம்பு வாஷர் இருந்தால், அதைக் கழற்றிச் செந்நிறமாகக் காய்ச்சி ஆறவிடுக. செம்பு மீண்டும் இளகி நன்றாகப் படியும். அலுமினிய வாஷரை இவ்வாறு காய்ச்சாமல் புதிதே வாங்குதல் நலம்.

மூடியைத் திறந்தால் பழைய காஸ்கெட்டை முற்றிலும் சுரண்டி எடுக்க வேண்டும், வார்ப்பைக் கீறலாகாது. மூடி சமமாக உள்ளதா என்பதைத் தடித்த கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பார்க்கலாம். ஒட்டும் பசையை அள்ளிப் பூசுவது கேடு: உள்ளே பிதுங்கிய பசை துணுக்குகளாக உடைந்து ஆயில் செல்லும் நுண்வழிகளை அடைத்துவிடும். காஸ்கெட்டும் ஆயில் சீலும் வாங்குவோர் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ பழைய உறுப்பைக் கையோடு கொண்டு சென்று ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

வடித்தெடுத்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். நம் தெருச் சாக்கடைகள் பக்கிங்காம் கால்வாயிலும் அடையாற்றிலும் கலந்து கடலைச் சேர்கின்றன. அக்கடலை நம்பியே நம் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. பழைய ஆயிலை மூடிய டப்பாவில் சேர்த்து, அதை மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையில் ஒப்படையுங்கள். படைப்பு நம் பொது இல்லம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நினைவூட்டியது இத்தகைய சிறு செயல்களுக்கும் பொருந்தும். பழைய ஆயில் தோலுக்கும் தீங்கு. கையுறை அணிக, வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவுக.

பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணித் திருத்தலத்தில் புதிய வண்டிக்கு மாலையிட்டு மந்திரிக்கச் செய்வது நம் குடும்பங்களின் நல்ல வழக்கம். அன்று தீர்த்தம் தெளிக்கப்பட்ட வண்டியை ஆண்டுகள் கடந்தும் பாதுகாப்பாக வைத்திருப்பது நம் கடமை. மாதம் ஒருமுறை, ஞாயிறு மாலையில் அரைமணி நேரம், ஒரு கந்தல் துணியோடும் ஸ்பானரோடும் தந்தையும் பிள்ளைகளும் வண்டியருகே அமரட்டும். எங்கே கசிகிறது என்பதைப் பிள்ளையின் கண்ணே முதலில் கண்டுவிடும்.