வெங்காய ஜுரம்

பெரம்பலூர்ச் சீமையில் விசித்திரமான ஜுரம் ஒன்று உண்டு. வைத்திய நூல்களில் அதைப் பற்றிய பிரஸ்தாபமே கிடையாது. சின்ன வெங்காயம் முற்றித் தாள் சாயத் தொடங்கியதும் அது தோன்றும். பத்தாம் வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் பத்துப் பேரையாவது பிடிக்கும். மூட்டைகள் லாரியில் ஏறியதும் தானாகவே இறங்கிவிடும். மருந்து வேண்டியதில்லை, பத்தியமும் இல்லை. பருத்தி எடுப்புக் காலத்தில் மறுபடி வரும். அரியலூர்ப் பக்கம் போனால், முந்திரிக் கொட்டை பொறுக்கும் நாட்களில் இதே ஜுரம் அங்கேயும் காணும்.

இதற்கு அத்தாட்சி, நமது மேஜையின் மேல் வந்து குவியும் விடுமுறை விண்ணப்பங்கள்தாம். முதலில் அரியலூர்ப் பக்கத்திலும் பின்னர் பெரம்பலூர்ப் பக்கத்திலுமாக இருபது வருஷ காலம் ஆங்கிலம் கற்பித்து வரும் நாம், இத்தகைய விண்ணப்பங்களை ஆயிரக்கணக்கில் படித்திருக்கிறோம். எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்: "ஐ ஆம் ஸஃபரிங் ஃப்ரம் ஃபீவர்." எழுத்துப் பிழை இராது. காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி இருக்கும். கைடுப் புத்தகத்தில் அச்சிட்டிருப்பது அப்படியே வந்திருக்கும். ஒரு சமயம் ஒரு பையன், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'எக்ஸ் எக்ஸ் எக்ஸ்' என்றே எழுதிக் கொடுத்துவிட்டான். புத்தகத்தில் அப்படித்தானே இருந்தது! அவன் மீது குற்றம் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

சிரிக்கத்தான் தோன்றுகிறது. நாமும் பல வருஷம் சிரித்தோம். சிரித்துவிட்டுச் சிவப்பு மையில் 'சரி' என்று போட்டோம். ஆனால் அந்தச் சிரிப்புக்குள்ளே ஒரு பெரிய துக்கம் இருப்பது பிற்பாடுதான் விளங்கிற்று. வீட்டில் வெங்காயம் அரிந்த குழந்தை, பள்ளிக்கூடத்தில் தனக்கு ஜுரம் என்று எழுதுகிறது. பொய் சொல்லும் நோக்கம் அதற்கு இல்லை. ஆங்கிலம் என்பது நம் வீட்டில் நடந்ததைச் சொல்வதற்கான பாஷையன்று, அச்சில் உள்ளதைத் திருப்பி ஒப்பிப்பதற்கான பாஷை என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி நினைக்கும்படி கற்பித்தவர்கள் யார்? நாம்தான்.

இவ்விரு ஜில்லாக்களையும் அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் வடகோடியில் கிடந்த வானம் பார்த்த பூமி இது. 1995-ஆம் வருஷத்தில் பெரம்பலூர் தனி ஜில்லாவாயிற்று. 2001-இல் அரியலூர் பிரிந்தது. மறு வருஷமே மீண்டும் சேர்ந்தது. 2007-ஆம் வருஷம் நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. அரியலூருக்கு ரயில் உண்டு, சுண்ணாம்புக்கல் உண்டு, சிமெண்டு ஆலைகள் உண்டு. பெரம்பலூர் நகருக்கு ரயில் கிடையாது. மக்காச்சோளமும் பருத்தியும் வெங்காயமும்தான் துணை. 'பின்தங்கிய பிரதேசம்' என்ற பட்டத்தை இரண்டும் நெடுநாள் சுமந்தன.

அந்தப் பட்டத்தை நம் குழந்தைகள் கிழித்தெறிந்தார்கள். 2022-இல் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் மாகாணத்திலேயே முதல் இடம் பெரம்பலூருக்கு. 2023-இல் பத்தாம் வகுப்பிலும் நூற்றுக்கு 97.67 பேர் தேறிப் பெரம்பலூர் முதலில் நின்றது. 2024-இல் அதே பத்தாம் வகுப்பில் அரியலூர் 97.31 பெற்று முதலிடம் பிடித்தது. 2025-இல் பன்னிரண்டாம் வகுப்பில் 98.82 பெற்று மறுபடியும் அரியலூரே முதல். சென்னையும் கோயம்புத்தூரும் பின்னால் நிற்க, வெங்காயக் காட்டிலிருந்தும் முந்திரிக் காட்டிலிருந்தும் வந்த குழந்தைகள் முன்னால் நின்றார்கள். இதைக் காட்டிலும் நெஞ்சை நிமிர்த்தும் செய்தி ஓர் உபாத்தியாயருக்கு வேறு என்ன வேண்டும்?

நாமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் இருந்தோம், ஒரு நாள் மாலை வரையில். அன்று நம்மிடம் படித்த ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தொண்ணூற்று மூன்று மார்க் வாங்கியவள். திருச்சியில் ஒரு கல்லூரியில் சேர்ந்திருந்தாள். கையில் ஒரு விண்ணப்பத் தாள். உபகாரச் சம்பளத்துக்காக, தன்னைப் பற்றியும் தன் ஊரைப் பற்றியும் பத்து வரி ஆங்கிலத்தில் எழுத வேண்டுமாம்.

"எழுதேன் அம்மா, உனக்கென்ன?" என்றோம்.

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில், "சார், இதற்குக் கைடு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டாள்.

அவள் நம்மைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை ஆறுதலாக இருந்திருக்கும். தொண்ணூற்று மூன்று மார்க்கும் நம் முன்னால் உட்கார்ந்து நம்மைப் பார்ப்பது போல் இருந்தது. அன்றிரவு உட்கார்ந்து, நமது வகுப்புக்கென்று சில விதிகளை எழுதினோம். அடுத்த ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் அவற்றை மாணாக்கரிடம் தமிழிலேயே படித்துக் காட்டினோம்.

முதல் விதி: விடுமுறை விண்ணப்பத்தில் உண்மையைத்தான் எழுத வேண்டும். வெங்காயம் அரிந்தால் வெங்காயம் என்று எழுது. தங்கையைப் பார்த்துக்கொண்டால் தங்கை என்று எழுது. பிழை எத்தனை இருந்தாலும் தண்டனை இல்லை. ஜுரம் என்று எழுதினால் மட்டும், நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம்!

இரண்டாவது: எந்தக் கேள்விக்கும் முதலில் சொந்த வாக்கியம்; பிறகுதான் கைடு. மூன்று வரியானாலும் அது உன்னுடையதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது: பிறர் பிழையைக் கண்டு சிரிக்கக் கூடாது. ஆங்கிலம் நம் தாய் பேசிய மொழியன்று. அதில் இடறி விழுவது வெட்கமில்லை. விழுந்தவனைப் பார்த்துச் சிரிப்பதுதான் வெட்கம்.

நான்காவது: ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாம். இதைக் கேட்டுச் சக ஆசிரியர்கள் சிலர் புருவத்தை உயர்த்தினார்கள். பொருள் விளங்காத பிள்ளையின் வாயைப் பூட்டிவிட்டால் பாஷை வந்துவிடுமா? தமிழில் நன்றாக யோசித்தவன் ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறியாவது சொல்வான். யோசியாதவனுக்கு இரண்டிலும் சொல்வதற்கு ஒன்றும் இராது.

ஐந்தாவது: தினம் ஐந்து புதிய சொற்களை அகராதியைப் புரட்டி எழுத வேண்டும். வீட்டு வேலை தாமதமானால் மறுநாள் வரையில் ஏற்றுக்கொள்ளப்படும், காரணம் கேட்கப்படும், பரிகாசம் செய்யப்படாது.

இந்த விதிகளுக்குத் துணையாகப் பாடப் புத்தகமே வாய்த்தது. 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த பத்தாம் வகுப்பு ஆங்கில நூலில், பிரெஞ்சு ஆசிரியர் அல்போன்ஸ் தோதே எழுதிய 'கடைசிப் பாடம்' என்னும் கதை இருக்கிறது. 1870-71 யுத்தத்தில் பிரான்ஸ் தோற்றபின், அல்சேஸ் பிரதேசத்தின் பள்ளிக்கூடத்தில் தாய்மொழிப் பாடம் நிறுத்தப்படுகிறது. அதுவரை பாடத்தை அலட்சியம் செய்த சிறுவன் கடைசி நாளன்று மனம் உருகுகிறான். தாய்மொழியின் அருமையை ஒரு பிரெஞ்சுக் கதை ஆங்கிலத்தின் வழியாக வந்து நம் குன்னத்துப் பையனுக்கும் ஜயங்கொண்டத்துப் பெண்ணுக்கும் சொல்கிறது. அந்நிய மொழி ஒன்றைக் கற்பதன் பயன் இதுவல்லவா? அதற்கு அடிமையாகவும் வேண்டாம். அதைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். உலகத்தின் சாளரமாக அது இருக்கட்டும். வீட்டின் வாசல் தமிழாகவே இருக்கட்டும்.

மனப்பாடத்தை நாம் இகழ்வதாக நேயர்கள் எண்ண வேண்டாம். மகாமகோபாத்தியாய சாமிநாதையர் இளமையில் இந்த அரியலூரிலும் குன்னத்திலும்தான் வாழ்ந்தார். அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் கேட்டார். 1940 முதல் ஆனந்த விகடனில் வெளிவந்த அவரது 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அந்தக் காலத்துக் கல்வியும் நெட்டுருவில்தான் தொடங்கிற்று. ஆனால் உருப்போட்டது விதைநெல்லாக இருந்தது. அதிலிருந்து வாழ்நாள் முழுவதும் விளைச்சல் கண்டார்கள். நமது பிள்ளைகளோ விதைநெல்லைப் பரீட்சை மண்டபத்தில் கொட்டிவிட்டு வெறுங்கோணியுடன் வீடு திரும்புகிறார்கள்.

விதிகள் எழுதுவது சுலபம். பெற்றோர் கூட்டம் வந்தபோதுதான் சோதனை வந்தது.

ஒரு தகப்பனார் எழுந்தார். சிமெண்டு லாரி ஓட்டுகிறவர். "சார், நீங்கள் சொல்வதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. சொந்தமாக எழுது என்று விட்டுவிட்டு, என் பெண்ணுக்குப் பரீட்சையில் மார்க் குறைந்தால் யார் பொறுப்பு? படித்த வீட்டுப் பிள்ளைக்கு நாலு மார்க் குறைந்தால் வேறு வழி இருக்கும். எங்களுக்கு இருப்பது இந்த மார்க் ஒன்றுதானே?" என்றார்.

கூட்டம் முழுவதும் தலையை ஆட்டிற்று. நேயர்களே, அவர் கேட்டதில் நியாயம் இல்லையென்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஏழைக்கு மார்க் என்பது அலங்காரமன்று; ஏறிப் போகிற ஏணி. அதன் படியை உருவுவதற்கு நமக்கு என்ன உரிமை?

ஆகவே அங்கேயே ஒரு சமாதானத்துக்கு வந்தோம். ஆங்கில வினாத்தாள் நூறு மார்க்குக்கு. முப்பத்தைந்து வாங்கினால் தேர்ச்சி. அதில் ஒரு மார்க் கேள்விகள் பதினான்கு; செய்யுளை நினைவிலிருந்து எழுதுவதற்கு ஐந்து மார்க். இவற்றுக்குப் பயிற்சியும் நெட்டுருவும் வேண்டும். அவற்றைக் குறைவில்லாமல் செய்விப்பது நமது கடமை. ஆனால் கடிதம், படத்தைப் பார்த்து எழுதுவது, குறிப்பு எடுப்பது ஆகியவற்றில் சொந்தமாக எழுதியவனுக்கும் மார்க் உண்டு. கைடில் இல்லாத கேள்வி வந்தால் அவனுக்குத்தான் மார்க் உண்டு. "வாரத்தில் மூன்று நாள் பரீட்சைக்கு, இரண்டு நாள் வாழ்க்கைக்கு. சம்மதமா?" என்று கேட்டோம். லாரிக்காரர் சிறிது யோசித்து, "இரண்டு நாள்தானே, சரி சார்" என்று உட்கார்ந்தார்.

பிறகு பெற்றோரிடம் நாம் வேண்டியவை சிலவே. பிள்ளையை அடிக்காதீர்கள். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளைப் பள்ளியில் அடிக்கவும் மனம் நோகச் செய்யவும் கூடாதென்று விதிக்கிறது. பதினைந்தாவது வயது பிறந்த மறுநாளே பிரம்பை எடுக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்றும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகையால் கூட்டத்துக்கு வருவது நீங்கள் எமக்குச் செய்யும் தயவன்று, உங்கள் பாத்தியதை. வெளிதேசத்தில் உழைக்கும் தகப்பன்மார் கைப்பேசியில் பேசும்போது 'எத்தனை மார்க்?' என்று மட்டும் கேளாமல், 'இன்று என்ன எழுதினாய்?' என்றும் கேளுங்கள்.

கடைசியாக, தினம் கால் மணி நேரம் பிள்ளையை ஆங்கிலத்தில் உரக்கப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள் என்றோம். பின் வரிசையில் இருந்த ஓர் அம்மாள், "எனக்கு ஓர் எழுத்தும் தெரியாதே சார். நான் உட்கார்ந்து என்ன பிரயோஜனம்?" என்றார்.

"அம்மா, பிள்ளை படித்துவிட்டு அதன் அர்த்தத்தை உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். உங்களுக்கு விளங்கினால் அவளுக்கும் விளங்கிற்று என்று அர்த்தம். விளங்காவிட்டால் மறுநாள் நம்மிடம் அனுப்புங்கள். உங்களைவிட நல்ல பரீட்சகர் யார்?" என்றோம். அந்த அம்மாளின் முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் நம் கண் முன் நிற்கிறது.

அந்த வருஷம் வெங்காயம் முற்றிய சமயத்தில், அதே அம்மாளின் மகள் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு விண்ணப்பம் கொண்டு வந்தாள். அதில் ஐந்து வாக்கியங்கள்; ஏழு பிழைகள். இரண்டு நாளும் அம்மாவுடன் வெங்காயத் தாள் அரிந்ததாகவும், கண் எரிந்ததாகவும், விலை இறங்கிவிட்டதால் கூலிக்கு ஆள் வைக்கவில்லை என்றும், 'கடைசிப் பாடம்' தவறிப் போனதில் வருத்தம் என்றும் எழுதியிருந்தாள். கீழே தன் பெயரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தாள்.

சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தோம், கீழே வைத்துவிட்டோம். இருபது வருஷத்தில் நமக்கு வந்த முதல் ஆங்கிலக் கடிதம் அதுதான். அதற்கு முன் வந்தவை எல்லாம் கைடு அச்சடித்தவருக்கும் நமக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து.

உண்மை எழுதப்பட்டதால் ஒரு சங்கடமும் வந்து சேர்ந்தது. ஜுரம் என்றால் 'சரி' என்று போட்டுவிடலாம். வெங்காயம் என்று தெரிந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது? மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மாள் வருத்தமாக, "கூலி கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது சார்" என்றார். விவாதிக்க நாம் போகவில்லை. இன்னும் நான்கு நாள் வேலை இருந்தது. அவற்றில் சனி ஞாயிறு இரண்டும் மகள் அரிவது, மற்ற இரண்டு நாளும் பள்ளிக்கு வருவது என்று ஏற்பாடாயிற்று. தவறிய பாடத்தை அடுத்த தெருப் பெண் சொல்லிக் கொடுத்தாள். பெரிய வெற்றி என்று சொல்லமாட்டோம். ஆனால் இரண்டு நாள் மீண்டது. ஜுரம் என்று எழுதியிருந்தால் அந்த இரண்டு நாளும் மீண்டிராது.

பரீட்சை முடிவு வந்தது. உருப்போடுவதில் வல்லவர்கள் இரண்டொருவருக்கு எதிர்பார்த்ததைவிடச் சிறிது குறைந்தது, அதை மறைக்கவில்லை. ஒருவரும் தவறவில்லை. லாரிக்காரரின் மகளுக்கு மார்க் குறையவில்லை என்று அவரே வந்து சொல்லிப் போனார்.

விண்ணப்பம் கொடுத்த பெண்ணுக்கு எழுபத்தெட்டு மார்க். தொண்ணூற்று மூன்று அல்ல. ஆயினும், தன்னைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னால் அவள் கைடைத் தேட மாட்டாள் என்று நம்புகிறோம். வெங்காயம் அரிந்தால் கண் எரியும் என்பதை அவள் தன் சொந்த ஆங்கிலத்தில் ஏற்கனவே ஒரு தடவை எழுதிவிட்டாள்.