'வித்ட்ரா' தெரியுமா?

ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். காரைக்கால் அருகே கிளிஞ்சல்மேடு மீனவர்களுக்கு, அரசின் நிவாரணப் பணம் வங்கிக் கணக்கில் வரும். அதை எடுப்பதே, 'வித்ட்ரா!'

'அப்பா நேற்று பணம் எடுத்தார்' என்பதற்கு, 'வித்ட்ராடு' என எழுதாதீர்கள். 'மை ஃபாதர் வித்ட்ரூ மணி ஃப்ரம் தி பேங்க்' என்பதே சரி.

பாட்டிக்கு வங்கிச் சீட்டு எழுதித் தரும்போது கவனம்! போடுவதற்கு, 'டெபாசிட்' சீட்டு. எடுப்பதற்கு, 'வித்ட்ராயல்' சீட்டு.

இச்சொல்லுக்கு, 'விலகு' என்றும் பொருள் உண்டு. 1954, நவம்பர் 1ல், பிரெஞ்சு ஆட்சி காரைக்காலை விட்டு விலகியது. அதாவது, 'தி ஃப்ரெஞ்ச் வித்ட்ரூ ஃப்ரம் காரைக்கால்!'

வங்கியோ, வரலாறோ... இறந்த காலத்தில், 'வித்ட்ரூ' தான்!